விழாத சுவிட்சு

எங்கள் ஸ்டோரின் மேற்குச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதை மேலே தூக்கி மாட்டினால் மோட்டார் ஓடும். மோட்டார் தன் சக்திக்கு மீறி மின்சாரத்தை இழுக்க ஆரம்பித்தால் கைப்பிடி தானாக ‘டொக்’கென்று கீழே விழும்; மோட்டார் நின்றுவிடும். பெட்டியின் பித்தளைத் தகட்டில் இதற்கு நீளமான ஒரு இங்கிலீஷ் பெயர் பொறித்திருந்தது. மலையில் யாரும் அதைச் சொன்னதில்லை. சுவிட்சு என்றே சொன்னோம். சுவிட்சு விழுந்துவிட்டது என்றால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டோர் என்பது மலையில் கடையைக் குறிக்காது. பறித்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்கு அந்தப் பெயர். விறகு அடுப்பிலிருந்து தகரக் குழாய்கள் அறையைச் சுற்றி ஓடும். அந்தச் சூட்டில் காய் உலரும். உலர்ந்த காயில் ஒட்டியிருக்கும் காம்பையும் சருகையும் முன்பெல்லாம் பெண்கள் சூடு ஆறுமுன் கையால் தேய்த்து எடுப்பார்கள். எங்கள் முதலாளி அதற்கு ஒரு யந்திரம் வாங்கிப் போட்டிருந்தார். கம்பி வலையால் செய்த பெரிய உருளை அது. இரண்டு கூடைக் காயைக் கொட்டிச் சுழலவிட்டால் காம்பெல்லாம் உதிர்ந்து காய் பளபளவென்று வெளியே வரும். அந்த உருளையைச் சுற்றிய மோட்டாருக்குக் காவல்தான் சுவிட்சு. மின்சாரம், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தார் ஓடையில் வைத்திருந்த டர்பைனிலிருந்து கம்பி வழியாக வந்தது.

போடிமெட்டு தாண்டி மூன்று மைலில் இருந்த அந்தத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. தேதி போடாமல் எதையும் எழுதுவதில்லை என்ற பழக்கம் அப்போதே எனக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் எழுதுவேன், ஜீப் தாமதமாக வந்தால் எழுதுவேன், சுவிட்சு விழுந்தால் எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுதுவேன். ஆகவே இது நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், புரட்டாசியில் தொடங்கித் தையில் முடிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சுவிட்சையும் மோட்டாரையும் கவனிக்க ஒரு பிட்டர் இருந்தார். ராசிங்காபுரத்துக்காரர், என் வயதுதான். எல்லைக்கு அந்தப்பக்கம் வேலை பார்த்தபோது ஒரு மலையாளப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதனால் ராசிங்காபுரத்து வீட்டில் அவரைச் சேர்க்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டிலும் அப்படியே. தோட்டத்தில் கொடுத்த இரண்டு அறை வீடுதான் அவர்களுக்கு இருந்த ஒரே இடம். அந்தப் பெண் வந்த மூன்றாம் நாளே என்னை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டாள். அதைக் கேட்ட பிட்டர், பெண்டாட்டிக்கு அண்ணன் என்றால் எனக்கு மாப்பிள்ளைதானே என்று, அன்றிலிருந்து என்னை ‘மாப்ளே’ ஆக்கினார். இப்படியாக எந்த உறவும் இல்லாத மூன்று பேர் ஒரு குடும்பம் ஆனோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான்.

புரட்டாசியில் சுவிட்சு அடிக்கடி விழுந்தது. ஒரே வாரத்தில் ஒன்பது தடவை என்று என் நோட்டில் இருக்கிறது. உருளையில் காய் இல்லாதபோதுகூட, மோட்டார் கிளம்புகிற அந்த நொடியிலேயே விழுந்தது. காம்பு நீங்காத காய் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. முதலாளி போடியிலிருந்து வந்தார். நல்ல மனிதர், ஏலக்காயைத் தவிர வேறு எதையும் கூர்ந்து பார்க்க நேரமில்லாதவர். பெண்கள் எல்லாரும் கேட்கும்படி பிட்டரிடம் சொன்னார்:

“இன்னிமே இது விழுந்து என் வேல நின்னுச்சுன்னா நான் மதுரையில இருந்து ஆளு கொண்டாந்துருவேன். நீ சட்டிபானையக் கட்டிக்கிட்டு ராசிங்காபுரத்துக்கு பஸ்சு ஏறிரு.”

பிட்டர் சரி மொதலாளி என்றார். அவர் மனைவி அப்போது ஐந்து மாதம்.

அன்று சாயங்காலம் பிட்டர் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். அடியில் இரண்டு சின்னப் பித்தளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய், எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு, தகட்டிலிருந்து மேலே போகும் ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் அளவு மீறினால் மேலே இருக்கும் கம்பிச்சுருள் தண்டைக் காந்தம்போல் இழுக்கும். தண்டு மேலே போய் ஒரு கொக்கியைத் தட்டினால் கைப்பிடி விழும். ஆனால் எண்ணெய் அதை உடனே விடாது. தகட்டைப் பிடித்துக்கொண்டு மெள்ளத்தான் விடும்.

எதற்கு அந்தத் தாமதம் என்று கேட்டேன்.

“மோட்டாரு கெளம்பையில கொஞ்சம் கூடத்தான் இழுக்கும் மாப்ளே. தூங்குறவன எழுப்புனா ஒரு கத்து கத்தத்தான செய்வான். அதுக்கெல்லாம் பதறக் கூடாது. கத்திக்கிட்டே இருந்தான்னாத்தான் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சுப் பாக்கணும்.”

ஒரு கிண்ணத்தின் அடியில் மயிரிழை அளவு விரிசல். எண்ணெய் கசிந்து கிண்ணம் முக்காலும் காலி. பிடித்து நிறுத்த எண்ணெய் இல்லாததால் மோட்டார் கிளம்பும் முதல் கத்தலுக்கே சுவிட்சு விழுந்துகொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை பெட்டியைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிப் போடிக்கு இறங்கினோம். பிட்டரின் மனைவியும் வந்தாள். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒருகையால் வயிற்றையும் மறுகையால் ஜீப்பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, சுவிட்சைத் தன் காலுக்கு நடுவில் இடுக்கி வைத்திருந்தாள். “இதுக்கு ஒண்ணும் ஆகல்லே அண்ணே, எனக்குத்தான் மனம்பெரட்டுது” என்றாள்.

போடியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைக்காரர் விரிசலைப் பற்றவைத்துக் கொடுத்தார். பிரச்சினை எண்ணெயில் வந்தது. சுவிட்சோடு கம்பெனி அனுப்பியிருந்த எண்ணெய் டப்பா எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. கடையில் இருந்த மிஷின் எண்ணெய் கெட்டி. அதில் தண்டு நகரவே யோசித்தது. மண்ணெண்ணெய் ரொம்ப நீர், பிடிக்கவே இல்லை. வெயில் தகரக் கூரைவழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்த பிட்டரின் மனைவி, தன் பையிலிருந்து தலைக்குத் தேய்க்கிற புட்டியை எடுத்து நீட்டினாள்.

“வெளிச்செண்ண உண்டு. போதுமோ?”

தேங்காய் எண்ணெய். மூவரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, ஊற்றிப் பார்த்தோம்.

பரீட்சை எப்படி நடந்தது என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு பீப்பாயில் உப்புத் தண்ணீர். அதில் தொங்கும் இரண்டு இரும்புத் தகடுகள். தகட்டை இறக்க இறக்க மின்சாரம் கூடும். கடைக்காரர் முள்ளைப் பார்த்துக்கொண்டே தகட்டை இறக்கினார். மோட்டாரின் அளவைப்போல் ஒன்றரைப் பங்கு வந்ததும் நிறுத்தினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டாவது வினாடியில் கைப்பிடி விழுந்தது. கம்பெனியின் அச்சிட்ட தாளில் இருபது முதல் இருபத்தைந்து என்றிருந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் சரி. கடைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்து, கம்பெனிக்கே எழுதிப் போடலாம் தாயி என்றார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அச்சிட்ட தாளைப் பற்றிச் சொன்னேன். அதில் வேறொரு வரியும் இருந்தது: உடன் அனுப்பியுள்ள எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. எங்கள் மூவரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவன், அந்த வரியையும் படித்தேன். எண்ணெய் விற்கிறவன் வேறென்ன எழுதுவான் என்று நினைத்துக்கொண்டேன். பிட்டரிடம் சொல்லவில்லை.

மலைக்கு வந்து மாட்டிய மறுநாளிலிருந்து சுவிட்சு நல்லபிள்ளையாகிவிட்டது. மோட்டார் கிளம்பும்போது விழவில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் இரண்டே தடவை விழுந்தது. இரண்டும் சாக்கு நூல் உருளையில் சுற்றிக்கொண்டதால். நூலை அறுத்து எடுத்ததும் மறுபடி ஓடியது. இரண்டாவது வாரம் ஒரு தடவை. அதன்பிறகு விழவே இல்லை. தீபாவளிக்கு முதலாளி பிட்டருக்கு வேட்டி எடுத்துக்கொடுத்து, “இப்பத்தான்யா நீ ஆளு” என்று முதுகில் தட்டினார். மதுரை ஆள் பேச்சு போன இடம் தெரியவில்லை.

கார்த்திகையில் பனி இறங்கியது. மேற்குச் சுவரில் வெயில் படுவதே மத்தியானத்துக்கு மேல்தான்; அடுப்பின் சூடும் அங்கே எட்டாது. காய் வரத்து கூடியது. போடி ஏலத்துக்கு அனுப்ப அவசரம். உருளைக்கு இரண்டு கூடைதான் கணக்கு. பெண்கள் இரண்டரை போட்டுப் பார்த்தார்கள், ஓடியது. மூன்று போட்டார்கள், முனகிக்கொண்டே ஓடியது. முன்பெல்லாம் மூன்றாவது கூடையைக் கவிழ்த்தால் எண்ணி இருபதுக்குள் சுவிட்சு விழும். சுவிட்சு இப்போது பெரியமனுஷி ஆகிவிட்டது, கோபமே வருவதில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் என் நோட்டில் ‘சுவிட்சு விழவில்லை’ என்று தினமும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு வந்தேன்.

பிட்டருக்கு மட்டும் அது உறுத்தியது. மோட்டாரின் முதுகில் கைவைத்துப் பார்ப்பார், வெடுக்கென்று எடுத்துக்கொள்வார். என் நோட்டை வாங்கி, விழுந்த நாட்களைத் தேதிவாரியாகப் பார்த்தார். ஐப்பசி நடுவோடு பட்டியல் நின்றுபோயிருந்தது.

“ஏன் மாப்ளே, மூணு கூட போடுறாளுக. நேத்து நூலு சுத்தி உருளையே திக்கித்திக்கி நின்னுச்சு. அப்பவும் இது விழல. விழ வேண்டியது விழலைனா என்ன அர்த்தம்?”

நல்லதாகப் போகிறதை ஏன் கிண்டுகிறீர் மச்சான் என்றேன். உண்மையில் எனக்கும் பயம்தான். சுவிட்சு விழாமல் இருக்கும்வரைதான் அந்த வீடு அவர்களுக்கு. பேறுகாலத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

மார்கழி கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. பிட்டர் வீட்டில் நான் பால் விடாத கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர் மனைவி குளித்துவிட்டு வந்து, எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. எப்போதும் செய்கிறதுபோல் புட்டியை அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டு, அது உருகும்வரை ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

பிட்டர் அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எண்ணெய் மெழுகுபோல் வெள்ளையாக உறைந்து, கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் மெள்ளத் தெளிந்துகொண்டு வந்தது. தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து ஓடினார். எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது, புரிய. நானும் ஓடினேன்.

ஸ்டோர் வாசலில் முதலாளியின் ஜீப் நின்றது. லோடு ஏற்ற நேரிலேயே வந்திருந்தார். அன்று பகலுக்குள் போடியில் இறக்க வேண்டும். ஆறரை மணிக்கே மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். மூன்று கூடைக் காய் உருளையில். மோட்டார்க் கம்பியில் பூசிய அரக்கு கருகுகிற வாசனை ஏலக்காய் வாசனைக்கு அடியில் லேசாக வந்துகொண்டிருந்தது. பிட்டர் நேராக மேற்குச் சுவருக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு கீழே இழுத்தார். உருளை சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது.

“எதுக்குடா விழுந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே முதலாளி உலர்த்தும் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“விழுகல மொதலாளி. நாந்தான் நிப்பாட்டுனேன்.”

பிட்டர் மேலே போய் டர்பைன் கம்பியின் பியூசைப் பிடுங்கிவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு கிண்ணத்தைக் கழற்றினார். அதை முதலாளியின் கண் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. இரும்புத் தண்டு வெள்ளை எண்ணெயில் நட்டுவைத்த குச்சிபோல் நின்றது.

முதலாளி விரலால் வழித்து மோந்து பார்த்தார். “தேங்காயெண்ண” என்றார்.

“ஆமா. போடி வெயில்ல தண்ணியாட்டம் இருந்துச்சு. இங்க உறையும்னு எனக்குத் தோணல. ரெண்டு மாசமா இது காவல் காக்கல மொதலாளி, சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்க வேட்டி எடுத்துக் குடுத்ததும் அதுக்குத்தான்.”

நான் நடுவில் புகுந்தேன். வேறு எண்ணெய் ஊற்றக் கூடாது என்று தாளில் போட்டிருந்ததைப் படித்தது நான், சொல்லாமல் விட்டதும் நான் என்றேன். விழுந்த தேதிகளையும், விழாமல் போன தேதிகளையும், அன்றன்று போட்ட கூடைகளையும் நோட்டில் காட்டினேன். அவர் நோட்டை வாங்கவில்லை. மோட்டாரிடம் போய் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். உதறி எடுத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பிறகு உலர்த்தும் அறைப் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்சநேரம் பார்த்தார். அங்கே அடுப்பின் சூட்டைப் பார்க்கவென்றே ஒரு ஆள் மணிக்கு ஒருதடவை உள்ளே போய் வருவார்.

“அங்க சூடு பாக்குற பய தூங்கிட்டா எனக்குக் காயி கருகுனப்புறந்தான் தெரியும்” என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். “சரி, வெரசா நல்ல எண்ணெ கொண்டா.”

அவ்வளவுதான். ஆள் மாற்றுவதைப் பற்றி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அரை லோடோடு ஜீப் இறங்கிப் போனது. மிச்சக் காயைப் பெண்கள் கையால் தேய்த்தார்கள்.

கம்பெனி எண்ணெய்க்கு மதுரைக்கு எழுதினோம். ஒன்பதாம் நாள் ரயிலில் போடிக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் ஏறி எங்களிடம் சேர்ந்தது. அந்த ஒன்பது நாளும் மோட்டார் ஓடவில்லை. பிட்டர் வீட்டில் சாமான் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. அவர் மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டுச் சுவரோரம் வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

புது எண்ணெய் ஊற்றிய நான்காம் நாள், தை பிறந்து ஒரு வாரம், முதலாளி ஸ்டோரில் இருந்தார். காய் மலையாகக் குவிந்திருந்தது. அவர் நிற்கிற தைரியத்தில் ஒரு பெண் மூன்றாவது கூடையைக் கவிழ்த்தாள். உருளை முனகியது. என் கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. இருபத்திநான்காவது வினாடியில், பனிக்காலைக் குளிரில், ‘டொக்’.

எல்லாரும் முதலாளியையே பார்த்தோம். பிட்டர் சுவரோரம் நின்றார். கை ரெண்டும் தொங்கியபடி.

முதலாளி சுவிட்சைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார்.

“எத்தன கூட போட்டே?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“மூணு.”

“அது கணக்காத்தான இருக்கு. உனக்குத்தான் எண்ணத் தெரியல. ஒண்ண வெளிய எடு ஆத்தா.”

அவள் காயை அள்ளி எடுக்கும்வரை ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார். எடுத்து முடித்ததும் பிட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். பிட்டர் கைப்பிடியைத் தூக்கி மாட்டினார். உருளை ஓடியது. புறப்படும்போது முதலாளி ஜீப்பில் ஏறிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“கணக்கப்பிள்ள, விழுந்தா எழுதி வையும். ரொம்ப நாளா விழலைனா எனக்கு ஆளனுப்பும்.”

அன்று மத்தியானம் பிட்டர் வீட்டுக்குப் போனபோது சாக்கு பிரித்திருந்தது. பாத்திரமெல்லாம் பலகையில் ஏறியிருந்தது. தை கடைசியில் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. காலை ஆறு மணி பத்து நிமிஷம், நல்ல பனி. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டுமென்று புட்டியை அடுப்போரம் வைத்து உருக்கியது நான்தான். அந்தத் தேதியின் பக்கத்தில் அதை எழுதிவிட்டு, அடியில் வழக்கம்போல் இதையும் எழுதியிருக்கிறேன்: சுவிட்சு ஒரு தடவை விழுந்தது. காரணம் நூல்.